மஞ்சள் கோடு, வெள்ளைக் கோடு

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். அக்கா என்றால் என் கணவரின் அக்கா, எனக்கு நாத்தனார். எங்களோடுதான் இருக்கிறாள். கரமனையில் எங்கள் தெருவில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளிடம் மாட்டிக்கொள்ளாதவர்களும் கிடையாது. கட்டம் போட்ட துணி எதுவும் அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. சட்டையோ, படுக்கை விரிப்போ, ஆட்டோ சீட்டின் உறையோ, நின்று, குனிந்து, இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, அது ஸ்காட்லாந்தில் எந்தக் குலத்தாரின் கட்டம், அவர்கள் எந்தப் பக்கத்து மனிதர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு தடவை சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் பச்சையும் நீலமுமாகக் கைலி கட்டியிருந்தான். நான் புளி விலை கேட்டுவிட்டுத் திரும்பினால் அக்கா அவன் முழங்காலுக்கு நேரே குனிந்து நின்றுகொண்டிருக்கிறாள்.

"மெக்கன்ஸியாக்கும். வடக்கத்திக்காரா. ஆனா சிவப்புக் கோடு மட்டும் இருக்கு, வெள்ளைக் கோட்டைக் காணலையே," என்றாள், அவன் கைலியைப் பார்த்தே.

"எந்தா அம்மச்சீ, முண்டு வேணோ?" என்றான் அவன், வேட்டி வேண்டுமா என்று. கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புளிக்கடைக்கு நான் பிறகு போகவே இல்லை.

ஸ்காட்லாந்தை அவள் பார்த்ததில்லை. தூரம் என்று போனது பம்பாய்க்கு ஒரே தடவை, கணவரை வழியனுப்ப. அவர், எங்களுக்கு அத்திம்பேர், கப்பலில் இஞ்சினியர். ஸ்காட்லாந்தைச் சுற்றியுள்ள கடலில் எண்ணெய் எடுக்கிற இடங்களுக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பல்கள். இன்றைக்கு ஒரு துறைமுகம், அடுத்த மாதம் வேறொன்று. முதல் லீவில் வந்தபோது அங்கே பாத்திரம் துடைக்கிற துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவில் ஸ்காட்லாந்தின் வரைபடம். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பக்கத்துக் குலத்தாரின் கட்டம் சின்னச் சின்னச் சதுரமாக, பெயரோடு அச்சிட்டிருந்தது. துடைக்கிற துணியை வைத்து யாராவது துடைத்தால் சரி. அக்கா அதற்கு மேலும் கீழும் மூங்கில் குச்சி தைத்து, பூஜை அறைச் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை கற்பூர ஆரத்தி அதற்கும் சேர்த்துத்தான் காட்டப்படும். என் கணவர் ஒரு நாள் அவசரத்தில் அதைக் கழற்றிச் சூடான பால் பாத்திரத்தை இறக்கிவிட்டார். வடக்கு மூலையில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அதற்காக அவருடன் அவள் ஒரு வாரம் பேசவில்லை. எனக்குக்கூட அந்த ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது.

கேட்காமலேயே கற்றுக்கொண்டுவிட்டேன் என்பதுதான் இதில் கொடுமை. இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கரும்பச்சை, நீலம், கறுப்பு மட்டும் இருந்தால் அது ஒரு பழைய பட்டாளத்துக் கட்டம். அதே கட்டத்தில் பச்சையின் நடுவே ஒரு மஞ்சள் கோடு ஓடினால் கார்டன். வடகிழக்கு, அபர்தீன் பக்கம். மஞ்சளுக்குப் பதில் வெள்ளைக் கோடு என்றால் லமாண்ட். மேற்கு, கிளாஸ்கோவிலிருந்து தண்ணீரைத் தாண்டினால் வருகிற நிலம். வெள்ளைக் கோட்டின் இரண்டு ஓரத்திலும் நூல் கனத்தில் கறுப்பு இருந்தால் அது லமாண்ட் இல்லை, ஃபோர்ப்ஸ். மறுபடி அபர்தீன் பக்கம். எட்ட நின்று பார்த்தால் நாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிட்டே நின்று பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் இருந்தது, பல வருஷம்.

இந்த லமாண்டும் ஃபோர்ப்ஸும் என் மானத்தை வாங்கிய கதை வேறு. என் பையன் பள்ளியில் அந்த வருஷம் சீருடையை மாற்றினார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு நான் போயிருக்க வேண்டும். ஆபீசில் ஆடிட் நடந்துகொண்டிருந்ததால் அக்காவை அனுப்பினேன். அதைவிட லீவு போட்டிருக்கலாம். மேஜைமேல் பையன்களின் சட்டைத் துணியும் பெண்களின் பாவாடைத் துணியும் வைத்திருந்தார்களாம். இரண்டும் ஒரே துணி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது இவள் எழுந்து முன்னால் போயிருக்கிறாள்.

"இது ஃபோர்ப்ஸ், இது லமாண்ட். கிழக்கத்திக்காரா ஒரு பக்கம், மேற்கத்திக்காரா ஒரு பக்கம். ஒரே ஸ்கூலுக்கு ரெண்டு ஊர்க் கட்டம் எப்படி ஆகும்?" என்று இரண்டு துணியையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள். பார்த்த பிறகு யாராலும் பார்க்காததுபோல இருக்க முடியவில்லை. துணி திரும்பிப் போயிற்று. ஓணப் பரீட்சை வரைக்கும் குழந்தைகள் வண்ண உடுப்பில் பள்ளிக்குப் போனார்கள். பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "நிங்ஙளுடெ சேச்சி அல்லே?" என்று கேட்பாள். ஆமாம், எங்கள் வீட்டு அக்காதான், என்ன செய்ய?

ஆனால் இவளுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்திம்பேர் பேசமாட்டார். வீட்டில் இருக்கும்போதே நாலு வார்த்தைக்கு மேல் போகாத மனிதர். போனில் "சௌக்கியமா? சரி, வெச்சுடறேன்" என்பதோடு முடிந்துவிடும். எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டிருப்பார். அதற்குப் பதிலாக ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்கு ஒரு கம்பளிக் கழுத்துத் துண்டு வரும். லீவில் வரும் யாராவது கப்பல்காரர் கையில் கொடுத்துவிடுவார். அந்தக் கப்பல்காரர் பம்பாயில் இறங்கித் தபாலில் போடுவார். உள்ளே ஒரு வரி எழுதின காகிதம்கூட இருக்காது. முத்திரை பம்பாய் முத்திரை. ஆகவே அக்கா துண்டைப் பிரிப்பாள், கட்டத்தைப் பார்ப்பாள், சுவரில் இருக்கும் வரைபடத்தில் தேடுவாள். "இந்தத் தடவை ரொம்ப வடக்கே போயிட்டார். பாவம், குளிருமே," என்பாள். தெருவில் யாராவது "ஆத்துக்காரர் இப்போ எங்கே?" என்று கேட்டால் அவளிடம் பதில் இருந்தது. எங்கள் தெருவில் அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் யார்?

அந்தத் துண்டுதான் அவளுக்குத் தீபாவளிக் கோடி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுப் புடவைக்கு மேலே அந்தக் கம்பளியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில், நெற்றிக் குங்குமம் வழிய வழிய வீடு வீடாகப் போய் பட்சணம் கொடுத்துவிட்டு வருவாள். ஒரு தடவை பொன்முடிக்குப் போனபோது கையிருப்பிலிருந்த துண்டு ஒவ்வொன்றையும் எங்கள் எல்லார் கழுத்திலும் கட்டிவிட்டாள். மலை ஏறுவதற்கு முன்னாலேயே, கல்லாற்றில் டீ குடிக்க இறங்கியபோது, என் பையன் வேர்த்துக் கொட்டி அழுதே விட்டான். "கழட்டக் கூடாது. அத்திம்பேர் குளிர்லே நிக்கறார், நமக்கு இது பெரிசா?" என்றாள்.

பிறகு போன் நின்றது. அத்திம்பேர் லீவில் வருவதும் நின்றது. என் கணவர் பம்பாயில் கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்டைப் பிடித்து விசாரித்தார். ஒப்பந்தம் முடிந்ததும் அவர் கப்பலிலிருந்து இறங்கிவிட்டார், புதுப்பிக்கவில்லை, எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியாது என்றான். எனக்கு என்னவோ அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்றுதான் பட்டது. என் கணவருக்கும் பட்டிருக்கும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் என் மாமனார் காலமாகியிருந்தார். எங்களுக்குத் தீபாவளி கிடையாது. கல்யாணம் ஆன பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டுதான், அக்கா கொண்டாடலாம். ஆனால் தம்பி வீட்டில் விளக்கில்லாதபோது தான் மட்டும் புதுசு உடுத்த மாட்டேன் என்றுவிட்டாள். அந்தச் சமயத்தில்தான், இனிமேல் வராது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பார்சல் வந்தது. யாரோ ஒரு கப்பல்காரர் பல மாதம் கழித்துத் தபாலில் போட்டிருக்கிறார். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புதுத் துணியை மஞ்சள் வைக்காமல் பிரிக்கக் கூடாது என்பது அவள் சட்டம். மழை இருட்டில், மின்சாரமும் இல்லாத சாயங்காலம், மஞ்சளைக் குழைத்து மேலே தெரிந்த முனையில் தாராளமாகத் தடவி, சுவாமி முன்னால் வைத்தாள். காலையில் பிரிக்காமலேயே, பூச்சி அரிக்காமலிருக்க ரசகற்பூர உருண்டையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டாள்.

"அடுத்த தீபாவளிக்கு எடுத்துக்கலாம். கோடு தெரியறது, அது போறும்," என்று உறையை முகத்தருகே கொண்டுபோனாள். "மஞ்சக் கோடு. கார்டன். அபர்தீன்லே இருக்கார் கேட்டயா!"

அப்போதே அவளுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால் வரமாட்டாள். தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், அபர்தீன் என்று. அடுத்த தீபாவளிக்கு அவர் வரவும் இல்லை, புதுத் துண்டு வரவும் இல்லை. "அவர் வந்தப்புறம் போட்டுக்கறேன்," என்று உறையைப் பிரிக்காமலேயே வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில் என் அண்ணன் பையனைக் கம்ப்யூட்டர் வேலைக்காக அவன் கம்பெனி கிளாஸ்கோவுக்கு அனுப்பியது. தம்பானூரில் அவனை ரயிலேற்றப் போன இடத்தில் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அபர்தீன் போய்ப் பார்த்துட்டு வா. துறைமுகத்திலே கேளு. உயரமா, இடது புருவத்திலே வெட்டுத் தழும்பு இருக்கும். ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆள் இருக்காரா, அது போறும்."

நல்ல பையன். போனான். கிளாஸ்கோவிலிருந்து ரயிலேறி அபர்தீனுக்குப் போய், துறைமுகத்திலும் கப்பல்காரர்கள் தங்குகிற இடங்களிலும் போட்டோவைக் காட்டிக் கேட்டிருக்கிறான். யாருக்கும் தெரியவில்லை. மறுபடி ஒரு சனி ஞாயிறு போயும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அத்தை, இன்னொண்ணு. இங்கே எல்லாக் கடையிலயும் எல்லாக் கட்டமும் தொங்கறது. அபர்தீன்ல மெக்கன்ஸி வாங்கலாம், ஏர்போர்ட்ல கார்டன் வாங்கலாம். இதை வெச்சுண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது," என்றான்.

"அதை அவகிட்டே சொன்னே, உன் காலை ஒடிச்சுடுவேன்," என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் அதே வாக்கியத்தை அவள் முகத்துக்கு நேரே சொல்லக் காத்திருந்தவள் நான்.

அபர்தீனில் இல்லை என்பதை மட்டும் சொன்னோம். அக்கா "ஓ" என்றாள். உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் அவள் கட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நான் வேண்டி வேண்டிக் கேட்ட மௌனம் கிடைத்துவிட்டது, அதை என்னால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியவில்லை. என் கணவர் புதுசாகக் கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு அவள் முன்னால் இரண்டு தடவை நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, இது கேம்ப்பெல்தானே?" என்று வேண்டுமென்றே நான் தப்பாகச் சொன்னால், "இருக்கும்," என்றாள். இருக்குமாம்! எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். தெருவில் யாராவது அவரைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று கோவிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். வாசல் கதவைத் தாண்டாத அக்காவை எனக்குத் தெரியாது. வீட்டில் வேறு யாரோ வந்து இருப்பது மாதிரி இருந்தது.

மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்ததும் வீட்டில் எல்லாவற்றிலும் பூசணம். அக்காவின் கம்பளிகளை அவள் கண்டுகொள்ளாததால் நானே மாடியில் கொடி கட்டிப் போட்டேன். உறைக்குள் இருந்த அந்தக் கடைசித் துண்டையும் பிரித்து, மேலே இருந்த முனை வெளியே தெரிகிற மாதிரி தொங்கவிட்டேன். ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் எதையும் கவனிக்கவில்லை. மூன்று நாள் நல்ல வெயில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடுக்கப் போனபோது அக்காவும் பின்னாலேயே வற்றல் தட்டை எடுக்க மாடிக்கு வந்தாள். வந்தவள் கொடிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"இதென்னது? மஞ்சக் கோடு எங்கே போச்சு?"

நான் பார்த்தேன். துண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடிய கோடு வெள்ளை. முனையில் மட்டும் மிச்சமாக லேசாக ஒரு மஞ்சள் நிழல். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கரும்பச்சையிலும் நீலத்திலும் மஞ்சள் தடவினால் தெரியாது. வெள்ளை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் கறை வெயிலுக்கு நிற்காது என்பது துணி துவைக்கிற யாருக்கும் தெரியும்.

"அக்கா, இது நீங்க வெச்ச மஞ்சள்! கோடு முதல்லேருந்தே வெள்ளைதான்," என்றேன். சொன்ன வாயை உடனே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பையனை இரண்டு தடவை அவ்வளவு தூரம் அலையவிட்டது ஒரு சிட்டிகை மஞ்சள் என்று கேட்டால் இவள் என்ன ஆவாள்?

அக்கா துண்டைக் கையில் எடுத்தாள். வாய் மெல்லத் திறந்தது. பல மாதமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம் முகத்தில் வந்தது.

"அப்போ இது கார்டனே இல்லை! அந்தப் பையன் கிழக்கே போய்த் தேடியிருக்கான். அவர் மேற்கே இருந்தா அங்கே எப்படிக் கிடைப்பார்? அவன் இருந்த ஊருக்கு எதிர்க்கரையிலேன்னா அவர் இருந்திருக்கார்!" சிரித்தாள். "என்ன ஒரு மண்டு நான்! வெள்ளைக் கோடு, லமாண்ட்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. என்ன இருந்தாலும் அக்கா அக்காதான். ஒரு கோட்டை அரைகுறையாக விட அவளால் முடியாது. துண்டைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், சாய்ந்த வெயிலில் திருப்பிப் பார்த்தாள். புரை விழுந்த கண் கூசியது. என்னிடம் நீட்டினாள்.

"எனக்குச் சரியாத் தெரியலை. நீ நன்னாப் பார்த்துச் சொல்லு. வெள்ளைக்கு ரெண்டு ஓரத்திலேயும் கறுப்பு உண்டா? உண்டுன்னா ஃபோர்ப்ஸ். திரும்பவும் அபர்தீன்தான். அங்கேதான் அவர் இல்லையே."

நான் வாங்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவள் காட்டிக் காட்டியும் என் கண்ணில் படாத அந்தக் கறுப்பு, வெள்ளைக் கோட்டின் இரண்டு பக்கமும், நூல் கனத்தில், முனையிலிருந்து முனைவரை தெளிவாக ஓடியது.

"பச்சைதான் அக்கா இருக்கு. கறுப்பே இல்லை," என்றேன். "லமாண்ட்தான்."

"நன்னாப் பார்த்தயோ?"

"நன்னாப் பார்த்துட்டேன்."

"உனக்கு இப்போதான் கண்ணு திறந்திருக்கு," என்றாள். வற்றல் தட்டை அங்கேயே வைத்துவிட்டு, படியில் தடதடவென்று இறங்கிப் போனாள். வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு எதிர்வீட்டு மாமியைக் கூப்பிடுகிற அவள் குரல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி: "மாமீ, கேட்டேளா? அவர் அபர்தீன்லே இல்லையாக்கும். கிளாஸ்கோ பக்கத்திலே!"

நான் மாடியில் நின்று, கறுப்புக் கோடுகள் உள்பக்கம் போகும்படி அந்தத் துண்டை மடித்தேன்.